இரண்டு நாளில் எழுதிய மென்பொருளும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டும்

மூன்று கருவிகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மூன்றும் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே நடத்திய ஹக்கத்தோனில், அதாவது ஓரிரு நாளுக்குள் மென்பொருள் எழுதி முடிக்கும் கூட்டத்தில், ஒரு வெள்ளியும் சனியும் கண்விழித்துச் செய்தவை. அவற்றில் ஒன்று என் கடையில் நாள்தோறும் ஓடுகிறது. இன்னொன்றைத் தெரிந்த ஐயர்மாருக்குச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறேன். முதற்பரிசு வாங்கிய மூன்றாவதை எல்லாக் கணினிகளிலிருந்தும் அழித்துவிட்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வராது. இலவசமாகக் கொடுத்தவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது முறையல்ல. திட்டாமல் எழுதவும் எனக்கு வராது.

என் தொழிலைச் சொன்னால்தான் என் அளவுகோல் விளங்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், ரியூட்டரி விளம்பரம், பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லாம் அடிக்கிறோம் என்றாலும் கடை வாடகையைக் கட்டுவது கல்வெட்டுத்தான். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரை நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அட்டையில் படம், உள்ளே பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்சாவளி, அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி நவிலல். கலியாண அழைப்பிதழ் ஒரு நாள் பிந்தினால் சண்டை வரும், சமாளிக்கலாம். முப்பத்தோராம் நாளைப் பிற்போட எவராலும் முடியாது. வீட்டுக்காரர்கள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவை முடித்து, நல்ல படம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்போதே நாட்கள் கணிசமாகப் போயிருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மருமகனின் அனுதாபச் செய்தி கடைசி இரவில்தான் வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

இந்த நெருக்கடிக்குள் எனக்கு உதவுகிற மென்பொருளே நல்ல மென்பொருள். அழகு, வேகம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த நிறுவனம் ஹக்கத்தோனுக்கான ரீசேர்ட்டையும் சான்றிதழையும் எங்களிடம்தான் அடிக்கக் கொடுத்திருந்தது. சான்றிதழை ஒப்புநோக்க வந்த பிள்ளை ஒருத்தி எங்கள் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் பைல் பழுதாகிவிட்டதா?" என்று கேட்டாள். பழைய கல்வெட்டு ஒன்றை, எழுத்துரு நிறுவாத புதிய கணினியில் திறந்து வைத்திருந்தோம்.

"பழுதில்லைப் பிள்ளை, பாமினி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. அவளுடைய வயதில் விளங்காமல் இருப்பதில் குற்றமும் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த எதுவும் கணினியைப் பொறுத்தவரை தமிழ் அல்ல. சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும். அவற்றுக்கு மேலே தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'யாழ்ப்பாணம்' என்பதை நாங்கள் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், இசட், கே, அரைப்புள்ளி என்று அடிக்கிறோம். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் குப்பைதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோட் 1991 இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. இருந்தும் எங்களைப் போன்ற கடைகள் பாமினியை விடவில்லை. விரல் அதற்குப் பழகியது. பக்க வடிவமைப்பு பேஜ்மேக்கருக்குப் பழகியது. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 ஐ 2001 இல் வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டது. அதில் யூனிகோட் தமிழை ஒழுங்காக அடுக்க முடியாது. முடிந்திருந்தால் நாங்களும் எப்போதோ மாறியிருப்போம் என்று சொல்லலாம். சோம்பலும் ஒரு காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

இதன் விலையை வாடிக்கையாளர் கட்டுகிறார். தகப்பனின் கல்வெட்டை எங்களிடம் அடித்தவர், பல வருடங்களுக்குப் பிறகு தாயின் கல்வெட்டுக்கு வருகிறார். "ஐயா, அந்தப் பழைய வம்சாவளியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், இலண்டனில் தங்கச்சி திருத்திக் கொடுப்பாள்" என்கிறார். அனுப்பினால் தங்கச்சிக்குத் தெரிவது அரைப்புள்ளிகள். ஆகவே மறுபடியும் முழுவதையும் அடிக்கிறோம். மறுபடியும் அடித்தால் மறுபடியும் பிழை வரும். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது. நாங்கள் அடித்தவற்றைப் படமாக அல்லாமல், தேடக்கூடிய எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம்.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனவள் ஹக்கத்தோனில் அதையே எடுத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரியும்.

பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் முன்பே நிறைய இருக்கின்றன. அவை தமிழை நன்றாகத்தான் மாற்றுகின்றன. குறை என்னவென்றால், மாற்றக்கூடாததையும் சேர்த்து மாற்றிவிடுகின்றன. எங்கள் பக்கங்களில் ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும்: பட்டம், மின்னஞ்சல், வெளிநாட்டு முகவரி. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் ஒட்டிப் பொத்தானை அமத்தினால், ஆங்கிலத்தில் இருந்த இலண்டன் 'டுழனெழ' என்று தொடங்கும் புதிய ஊராகிவிடும். அதைத் தேடித்தேடித் திருத்தும் நேரத்தில் முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்துவிடலாம்.

இவள் செய்தது வேறு. ஒட்டுகிற பெட்டியே கிடையாது. வேர்ட் பைலை முழுதாகக் கொடுக்க வேண்டும். வேர்டின் புதிய வடிவப் பைல் உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதற்குள் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கிறது. கருவி அதைப் படிக்கிறது. பாமினி என்று இருக்கும் துண்டை மாற்றுகிறது. டைம்ஸ் என்று இருந்தால் கடந்து போகிறது. தடித்த எழுத்து தடித்தபடி, அட்டவணைக் கோடு கோடாக, எழுத்தளவு அதே அளவாகத் திரும்பி வருகிறது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது மற்றவர்கள் ஏன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒப்புநோக்குகிறவர்கள் மட்டும் ரசிக்கக்கூடிய ஒரு நுட்பம் இதற்குள் இருக்கிறது. பாமினியில் 'கௌரி' என்று எழுத, ஒற்றைக்கொம்பு, க, பிறகு ள என்ற எழுத்தையே அடிக்கிறோம். தாளில் வித்தியாசம் தெரியாது. சாதாரண மாற்றி அதை கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக்கிவிடும். கண்ணுக்குக் கௌரி போலவே இருப்பாள், தேடினால் அகப்படமாட்டாள். இதைத் திருத்தப் புறப்பட்ட சில கருவிகள் மறுபக்கம் விழுந்தன. கொம்புக்குப் பிறகு ளகரம் வந்தால் எல்லாம் ஔகாரம் என்று முடிவு கட்டி, 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிட்டன. செய்தித் தளங்களில் அந்த விகாரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கருவியின் விதி சுருக்கமானது. ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது எழுத்து, தொடாதே. வெறும் ளகரமாக நின்றால் ஔகாரமாக இருக்கலாம். மாற்று, ஆனால் மஞ்சள் பூசிக் காட்டு. அந்த மஞ்சளை மட்டும் நான் பார்த்தால் போதும். முழுப் புத்தகத்திலும் சில மஞ்சள்கள்தான் வரும்: கௌரி, சௌந்தரம், பௌர்ணமி, மௌனம்.

பழைய தட்டச்சாளர்களின் இன்னொரு பழக்கத்தையும் அது பிடித்துக்கொண்டது. 'ர்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் அரவை, அதாவது துணைக்காலை (ா), அடித்து அதன் தலையில் புள்ளி வைப்பார்கள். உருவம் சிக்கனமாக இருக்கும். எங்கள் பழைய பைல்களில் உள்ள 'அவர்', 'ஊர்', 'பேர்' எல்லாம் அப்படித்தான். தமிழில் அரவுக்குப் புள்ளி கிடையாது, ஆகவே அப்படி வந்தால் அது ரகரம்தான் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. எங்கள் பைல்களைப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

குறைகளும் இருக்கின்றன. எழுத்துப் பெட்டிகளுக்குள் இருப்பதை இது காண்பதில்லை. எங்களுடைய வம்சாவளிகள் முழுக்க எழுத்துப் பெட்டிகளால் ஆனவை: பூட்டன் மேலே, கோடு, பாட்டன், கோடு, பிள்ளைகள் வரிசையாக. கட்டுரைகள் எல்லாம் யூனிகோடாகி வர, வம்சாவளி மட்டும் பாமினியில் நிற்கும். பக்கத் தலைப்புக்கும் இதே கதி. பேஜ்மேக்கர் பைலை நேரடியாகத் திறக்காது. அங்கிருந்து ஆர்டிஎப் ஆக வெளியே எடுத்து, வேர்டில் திறந்து சேமித்து, பிறகு கொடுக்க வேண்டும். இதை அவளிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டு, "ஐயா, திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் எல்லோரும் வாடிக்கையாளர் வேலைக்குப் போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தால் பார்க்கிறேன்" என்றாள். எழுத்துப் பெட்டி இன்னும் திருந்தவில்லை. அவளிடம் கோபிக்க எனக்கு உரிமையும் இல்லை.

ஹக்கத்தோனில் செய்தவற்றை மேடையில் காட்டிய நாளில் வாசலில் வைத்திருந்த, ஹக்கத்தோனின் வரலாற்றுப் பலகையை அடித்ததும் நாங்கள்தான். ஒப்புநோக்கியபடியால் அதில் இருந்ததெல்லாம் மனப்பாடம். 1999 ஜூனில் கனடாவின் கல்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் பத்துப் பேர் கூடியதுதான் ஹக்கத்தோன் என்ற பெயரில் நடந்த முதற் கூட்டம். மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டம் கட்டுப்படுத்தியதால் எல்லைக்கு வெளியே இருந்து வேலை செய்தார்கள். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. அவுஸ்திரேலியாவின் அற்லாசியன் நிறுவனம் 2005 இலிருந்து ஊழியர்களுக்கு 24 மணி நேரம் ஒதுக்கி, விரும்பியதைச் செய்யுங்கள் என்று விட்டுவருகிறது. ஜிரா சேர்விஸ் டெஸ்க் என்ற பெயரில் வந்த, உதவிக் கோரிக்கைகளைக் கையாளும் மென்பொருள் அப்படி முளைத்ததுதான். மைக்ரோசொப்டில் 2015 ஹக்கத்தோனில், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை, இன்று வேர்டுக்குள் இமேர்சிவ் ரீடர் என்று இருக்கிறது. பேஸ்புக்கின் விருப்பப் பொத்தான் 2007 இல் ஒரு ஹக்கத்தோனில் பிறந்தது.

பலகையில் விடுபட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். அந்தப் பொத்தான் மக்கள் கைக்கு வந்தது 2009 பெப்ரவரியில். ஓர் இரவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒன்றரை வருடத்துக்கு மேல் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் நிறுவனம் கொடுத்தது ரீசேர்ட்டும் கொத்துரொட்டியும் இரண்டு நாளும். மூன்றாவது நாளை யாருக்கும் கொடுக்கவில்லை. முகாமையாளர்கள் இதைப் படித்தால், என் குறை பிள்ளைகள் மேல் அல்ல என்பதைக் கவனிக்கவும்.

இரண்டாவது கருவி திதி பார்ப்பது. இறந்த திகதி, நேரம், இடம் கொடுத்தால் திதியையும் பட்சத்தையும், எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் ஆகியவற்றின் திகதிகளையும் காட்டுகிறது. கல்வெட்டின் முதற்பக்கத்தில் போக வேண்டிய தகவல் என்பதால் இதில் பிழை வந்தால் புத்தகமே பிழை. கணக்கு கணினிக்குப் பெரிய வேலை அல்ல. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாததால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீளும். சிக்கல் வானத்தில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளும் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கின்றன. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றுகிறது. வாக்கியம், முன்னோர் வாக்கியங்களாகச் சொல்லி வைத்த பழைய கணக்கை விடுவதில்லை. திதி முடியும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது, சில நாட்களில் மணிக்கணக்கில் வேறுபடும். ஒரு குடும்பத்துக்குள் மாமியார் ஒன்றையும் மருமகள் மற்றதையும் காட்டி வாதாடுவதை என் கடை வாங்கிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கருவி அந்த வாதத்துக்குள் போவதில்லை. திருக்கணிதத்தைத் தானே கணிக்கிறது. வாக்கியத்தைக் கணிப்பதாகப் பாவனை செய்யாமல், "வாக்கிய பஞ்சாங்கத்தில் இந்தத் திகதியைப் பாருங்கள்" என்று எழுதி, நாம் பார்த்ததை நிரப்ப ஒரு கட்டம் விடுகிறது. இறந்த நேரம் திதி மாறும் நேரத்துக்குக் கிட்ட வந்தால் சிவப்பு எழுத்தில் "ஐயரைக் கேட்டு உறுதிப்படுத்தவும்" என்கிறது. இரண்டு நாளில் எழுதிய மென்பொருளுக்கு இவ்வளவு அடக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். எழுதிய தம்பியின் பெரியப்பா குருக்களாம்.

வெளிநாட்டு மரணங்களுக்கு இது பெரிய உதவி. கோடை காலத்தில் ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. எந்தத் திகதியை எடுப்பது என்று வீட்டார் குழம்பும்போது, இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது.

ஆனால் எங்கள் சொந்தக் கடிகாரத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. இலங்கை 1996 மே மாதத்தில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைத் தாண்டினால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருந்ததை என் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். கணினியிடம் இருப்பது கொழும்பு நேரத்தின் வரலாறு. 1999 இல் கிளிநொச்சியில் இறந்த ஒருவரின் நேரத்தைக் கொடுத்தால், வீட்டார் எழுதி வைத்த பழைய நேரத்தைப் புதிய நேரமாக எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் தவறிவிடும். அனேகமாக அதனால் ஒன்றும் ஆகாது. திதி முடிகிற அரை மணித்தியாலமாக அது இருந்துவிட்டால் திவசமே மாறும். தம்பிக்கு இது புதினம். "அப்படியும் நடந்ததா ஐயா?" என்று கேட்டான். மறுநாளே 'பழைய நேரம்' என்று ஒரு சரிக்கட்டம் சேர்த்து அனுப்பினான். இந்தக் கட்டுரையில் நான் தயங்காமல் பாராட்டுகிற ஒரே வேகம் அதுதான்.

கருவியின் அடியில் 'திதி வெண்பா எழுது' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்த வேண்டாம். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீராக வந்து, நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும். இது எழுதிய வெண்பாவில் ஈற்றடியில் நாலு சீர் நின்றது. தளை எங்குமே தட்டாமல் நிற்கவில்லை. இறந்தவருக்கு மரியாதையாக அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொன்னேன். இன்னும் எடுக்கவில்லை. வெண்பாவுக்கு வழக்கம்போல ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரிடம்தான் போகிறேன். பென்சிலால் எழுதித் தருவார், தளை தட்டாது.

மூன்றாவது, முதற்பரிசு வாங்கியது. செயற்கை நுண்ணறிவால் பிழை திருத்தும் கருவி. மேடையில் பார்த்தபோது நானும் கைதட்டினேன். பத்திரிகைப் பந்தி ஒன்றை ஒட்டினார்கள். விடுபட்ட ஒற்றுகளைப் போட்டது, ணகர னகர மயக்கத்தைத் தீர்த்தது, நீண்ட வாக்கியத்தை இரண்டாக்கியது. நடுவர்கள் மகிழ்ந்தார்கள். பாடசாலை நோட்டீசுக்கும் சங்கக் கூட்ட அறிவித்தலுக்கும் இது நல்ல கருவி என்பதை இப்போதும் மறுக்கவில்லை.

கல்வெட்டைக் கொடுத்துப் பார்த்தால் கதை வேறு. கைதடியைப் பிறப்பிடமாகக் கொண்டவரைக் கைத்தடியைப் பிறப்பிடமாகக் கொண்டவர் ஆக்கியது. புலோலி என்ற ஊர் போலி ஆனது. சின்னத்தங்கம் என்ற மூதாட்டி சின்ன தங்கம் ஆனார். பூட்டப்பிள்ளைகள் கொள்ளுப்பேரர்கள் ஆனார்கள். பஞ்சபுராணத்தையும் விடவில்லை, தேவாரத்தில் புணர்ந்து நின்ற சொற்களைப் பிரித்து, இலகு தமிழாக்கித் தந்தது. நாயன்மார் பாடியதைத் திருத்த எங்கள் கடைக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு திருத்துநரின் தகுதி, பிழை கண்டுபிடிப்பதில் பாதிதான். பெயர், ஊர், பாட்டு, மேற்கோள் என்று கை வைக்கக்கூடாத இடங்களை அறிந்திருப்பது மறுபாதி. முதலாவது கருவி எழுத்துருப் பெயரைப் பார்த்து ஒதுங்குகிறது, இரண்டாவது ஐயரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்குகிறது. இதற்கு ஒதுங்கவே தெரியாது. மாற்றியவற்றை நிறம் பூசிக் காட்டியிருந்தாலாவது பொறுத்திருப்பேன். அதுவும் இல்லை, திருத்திய பிரதியை மட்டும் நீட்டுகிறது, என்ன மாறியது என்பதை மூலத்தோடு வரிக்கு வரி வைத்து நாம் தேட வேண்டும். ஒப்புநோக்கலைக் குறைக்க வந்தது ஒப்புநோக்கலை இரட்டிப்பாக்கியது.

அழித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நாங்கள் ஒட்டும் ஒவ்வொரு பக்கமும் வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்குப் போய்த் திரும்புகிறது. கல்வெட்டில் இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரர் எல்லோருடைய பெயரும், எந்த நாட்டில் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்பதும் இருக்கும். வீட்டார் இன்னும் பார்க்காத பிரதியை நான் யாருக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல முடியாத கருவியை வைத்திருக்க மனம் வரவில்லை. இதைக் கேட்டபோது அந்த அணியினரிடம் பதில் இல்லை. பரிசு வாங்கிய களிப்பில் கேள்வியும் ஏறவில்லை. கொஞ்சக் காலத்தில் அதுவே ஓய்ந்துபோனது. இலவசமாகக் கிடைத்த பாவனை அளவு முடிந்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி மட்டும் வரத் தொடங்கியது. யாரும் பணம் கட்டவில்லை.

வேறு சிலவும் காட்சியில் இருந்தன. 750 இலக்கப் பருத்தித்துறை பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி, நடத்துநர் தன் கைப்பேசியில் அதை இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். சில்லறை கொடுக்கவே நேரம் இல்லாத நடத்துநரிடம் அதை யார் கேட்பது? அலுவலகத்துக்குள் மதியச் சாப்பாட்டுக்கு யாருக்குச் சைவம், யாருக்கு மச்சம் என்று கணக்கெடுக்கும் ஒன்று இருந்தது. சின்ன விடயம், ஒழுங்காக ஓடுகிறதாம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதற்கு வேலை இருக்காது.

மாற்றிக் கருவி வேண்டிய அச்சகக்காரர்கள் கடைக்கு ஒரு பென் டிரைவோடு வரலாம். எழுதிய பிள்ளையிடம் அனுமதி கேட்டாகிவிட்டது, காசு இல்லை. ஒரே ஒரு பைல், நிறுவ வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை, எங்கள் பழைய விண்டோஸ் 7 கணினியிலும் ஓடுகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பாமினியில் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு எழுத்துரு மாற்றாமல் விட்ட பைல் என்றால் இதனாலும் காப்பாற்ற முடியாது. 2007 இற்கு முந்திய வேர்ட் வடிவத்தில் இருப்பவற்றை முதலில் புதிய வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள், பழைய வடிவத்தை இது திறக்காது. வம்சாவளியை எழுத்துப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அட்டவணையாக்கினால் அதுவும் மாறும். நாங்கள் இப்போது புதிய கல்வெட்டுகளில் வம்சாவளியை அட்டவணையிலேயே போடுகிறோம்.